எட்டடித் தொட்டிக் கணக்கு

ஏணியின் கடைசிப் படியில் நான் நிற்கிறேன். கையில் பத்தடி மூங்கில் கழி. அடிக்கு ஒரு பெரிய கோடு, அரையடிக்கு ஒரு சின்னக் கோடு, எல்லாம் அண்ணன் கத்தியால் கீறியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மாரியப்பண்ணன், பம்பு எஞ்சின் ஓட்டுபவர். அவர் சட்டையில் ஊறிய ரப்பர் எண்ணெய் வாடை மேலே வரைக்கும் வருகிறது.

தொட்டிக்குப் பக்கத்தில் ஜப்பான்கார மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, ரெம்பா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய். கொஞ்சம் தள்ளி என் அண்ணன் தருமலிங்கம். அவனுக்குப் பின்னால் அப்பா. அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்தின் கிராணி, எழுத்து வேலை எல்லாம் அவருடையது. அன்றைக்கு அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது.

சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து போக வேண்டியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. முன்னால் லாரியில் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அண்ணன் பெயரும் இருந்தது. அப்பாவே தன் கையால் எழுதியது.

"எவ்வளவு பாப்பா இருக்கு?" என்று கீழேயிருந்து மாரியப்பண்ணன் கேட்டார்.

அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் மரவள்ளிக்கிழங்கைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், 'சாப்பாட்டுக் கதை போதும், நீங்கள் கணக்கு படித்த கதைக்கு வாருங்கள்' என்று கடிதம் போட்டிருக்கிறார். அவசரப்படாதீர்கள் ஐயா. இந்தக் கதையைச் சொல்லாமல் தள்ளித் தள்ளித்தான் மரவள்ளிக்கிழங்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

விடை இல்லாத புத்தகம்

அண்ணன் சிங்கப்பூரில் எஞ்சினியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். முதல் வருஷம் முடிந்தது, அடுத்தது முடிவதற்குள் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்துவிட்டது. பாதி தூரம் நடந்தும், பாதி தூரம் யார் யார் வண்டியிலோ தொற்றியும் வீடு வந்து சேர்ந்தான். காலில் செருப்பில்லை. மார்போடு சேர்த்து மெழுகுத்துணியில் ஒரு புத்தகத்தைக் கட்டியிருந்தான்.

பௌதிகமும் பொறியியலும் படிப்பவர்களுக்கான கணித முறைகள். ஆங்கிலப் புத்தகம், செங்கல் கனம். நான் செரம்பானில் பள்ளிக்கூடப் படிப்பு முடித்து வீட்டில் இருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் அம்மா என் முடியை ஒட்ட வெட்டி, அண்ணனின் பழைய சட்டையையும் கால்சட்டையையும் போட்டுவிட்டிருந்தார். வயசுப் பெண் வெளியே தெரியக்கூடாத காலம். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பெண்கள் அப்படித்தான் திரிந்தோம்.

புத்தகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். விடைகள் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த விளிம்புதான் இருந்தது.

"வழியில ஒரு மாட்டு வண்டிக்காரரு, பொகையில சுருட்டிக் குடிக்கக் காகிதம் கேட்டாரு. குடுத்தா ஏத்திக்கிறேன்னாரு," என்றான்.

"முன்னாடி முகவுரை இருக்குதுல்ல, அதக் கிழிச்சுக் குடுக்க வேண்டியதுதானே?"

"முதல் பக்கத்தக் கிழிக்க மனசு வரல பாப்பா. கடைசிதானேன்னு குடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விடை இல்லாமல் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதல் கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். முழுப் புத்தகத்தையும் போட்டு முடிப்பேன், கிழிந்த பக்கங்களை நானே எழுதி ஒட்டுவேன் என்று அவனிடம் சபதம் போட்டேன். அவன் சிரித்தான்.

காகிதம் ஏது? ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் மரப்பால் உறைய வைக்கும் ஓட்டைத் தட்டு ஒன்றை மாரியப்பண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு அடுப்புக்கரியால் எழுதுவேன், துடைப்பேன், மறுபடி எழுதுவேன். அம்மா கரிபிடித்த என் கைகளைப் பார்த்து, "சமையல் கத்துக்கிறாளோன்னு நெனச்சேன்," என்பார்.

முதல் சில பாடங்கள் அண்ணன் சொல்லிக் கொடுத்தான். அவன் கைவேலைக்காரன். எஞ்சினைக் கழற்றுவான், மாட்டுவான், எழுத்தென்றால் கொட்டாவி விடுவான். வகைக்கெழுச் சமன்பாடு வந்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். நான் தாண்டிப் போனேன்.

விடை இல்லாததால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கிடைத்த பதிலைத் தூக்கி, தொடங்கிய சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் நான் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் தப்பு. பிற்காலத்தில் முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியபோது, 'டீச்சர், விடை என்ன?' என்று கேட்ட பிள்ளைகளை எல்லாம் இதைச் சொல்லியே விரட்டினேன்.

இரண்டு கடிகாரம்

ஜப்பான்காரன் வந்ததும் நேரத்தை மாற்றினான். எல்லாக் கடிகாரமும் டோக்கியோ நேரம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். ஆபீஸ் கடிகாரம், ஸ்டோர் கடிகாரம் எல்லாம் தள்ளியாகிவிட்டது.

எங்கள் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் அப்பா தொடவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த ஒரே எதிர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். "ஆபீஸ்ல அவன் சொல்றது நேரம். வீட்டுக்குள்ள சூரியன் சொல்றதுதான் நேரம்," என்பார். யாராவது வந்தால் கடிகாரத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவோம்.

வீட்டில் ஏழு என்றால் ஸ்டோரில் எட்டரை. யோசிக்காமலே கூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டோம். பழகிப்போனதுதான் பின்னால் வினையாயிற்று.

பாதிக்குக் கீழே போகாத தொட்டி

ஸ்டோருக்குப் பின்னால் வட்டமான சிமெண்டுத் தொட்டி. எட்டடி உயரம். மாரியப்பண்ணன் காலையில் எஞ்சினை ஓட்டி ஆற்றுத் தண்ணீரை அதில் நிரப்புவார். தொட்டியின் அடியில் ஒரு குழாய்வாய். திறந்துவிட்டால் தண்ணீர் தகரப் பீலி வாய்க்காலில் விழுந்து, ஷீட் உருட்டும் மெசின்கள் மேல் ஓடும். ஒரு நாள் ஷீட்டை உருட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும்.

வெள்ளைக்கார துரை காலத்திலிருந்தே ஒரு வழக்கம். தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் மாரியப்பண்ணன் மறுபடி எஞ்சினை ஓட்டி நிரப்பிவிடுவார். தண்ணீர் நின்றால் ரப்பர் மெசினில் ஒட்டிக்கொள்ளும், அன்றைய ஷீட் முழுவதும் பாழ். அதனால் பாதிக்குக் கீழே தொட்டி எப்படி வடியும் என்று யாரும் பார்த்ததே இல்லை.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த நாற்ற எண்ணெயில்தான் எஞ்சின் ஓடியது, அதுவும் போதவில்லை. ஒரு நாள் அப்பா வந்து சொன்னார். "ஒரே தடவை நெரப்பி அன்னிக்கு வேலையை முடிச்சுக் காட்டுறவன் யாரோ, அவனத் தோட்டத்துலயே வச்சுக்குறேன்னு மேனேஜர் சொல்றாரு. தண்ணிக்குப் பொறுப்பா. லிஸ்டுல இருந்து பேரை எடுத்துடுவாராம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஸ்டோர் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீராசாமி, முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "பாதிக்கு ஒரு மணி பத்து நிமிஷம்னா மிச்சப் பாதிக்கும் அதே தான் ஆவும். ரெண்டு மணி இருவது நிமிஷத்துக்கு மேல தண்ணி நிக்காது. இதுல என்னா கணக்கு இருக்கு?" என்றார். தோட்டத்தில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு.

ஆனால் தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், குறையக் குறைய வேகமும் குறையும். வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் கால்வாசி ஆனால் வேகம் பாதிதான். இந்தக் கணக்கு என் புத்தகத்தில் அச்சு அசலாக இருந்தது. உயரம் சம்பந்தப்பட்டதை ஒரு பக்கம் தள்ளு, நேரத்தை மறுபக்கம் தள்ளு. ரேஷன் அரிசியில் கலந்து வரும் சுண்ணாம்பை அம்மா புடைத்துப் பிரிப்பாரே, அது மாதிரி. பிறகு இரண்டு பக்கமும் தொகையிடு.

(பொறியியல் படிக்கும் பேரப்பிள்ளைகள் யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். குழாய்வாய் தொட்டியின் அடியிலேயே வெளியில் திறந்தது. மூடிய குழாயாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போயிருந்தால் மண்டோர் சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரியாக இருந்திருக்கும்.)

ஏழு மணி நேரம்

எனக்கு அளவு வேண்டும். காலையில் எஞ்சின் சத்தம் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது, குழாய் திறந்தாயிற்று என்று அர்த்தம். வீட்டிலிருந்தே கேட்கும். மணி ஏழு என்று குறித்துக்கொண்டேன். தண்ணீர் நாலடிக்கு இறங்கியதை அண்ணன் ஸ்டோரில் குறித்தான். ஒன்பது நாற்பது. அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், எஞ்சினின் பெல்ட் அறுந்துபோய் மாரியப்பண்ணன் அதைத் தைத்து மாட்டுவதற்குள் தண்ணீர் இரண்டடிக்கே வந்துவிட்டது. அப்போது மணி பத்தரை. அதையும் அவன் எழுதி வைத்தான்.

ஏழிலிருந்து ஒன்பது நாற்பது. இரண்டு மணி நாற்பது நிமிஷம். மண்டோர் சொன்ன ஒரு மணி பத்து நிமிஷத்தை வெறும் குத்துமதிப்பு என்று தள்ளிவிட்டேன். தட்டில் கரியால் போட்டேன். அரையடி வரை வடிய (அதற்குக் கீழே தண்ணீர் மெசினுக்குப் போதாது) ஏறக்குறைய ஏழு மணி நேரம் என்று வந்தது. "அண்ணே, ஏழு மணி நேரம்!" என்று கத்தினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் ஓடிப்போய் மண்டோரிடம் சொல்லிவிட்டான். மண்டோர் மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

மேனேஜர் அதற்கு மேல் ஒரு படி போனார். ஏழு மணி நேரம் நிற்குமானால் இரண்டு நாள் பாலைச் சேர்த்து உறைய வைத்து ஒரே நிரப்பலில் உருட்டு என்றார். நாளை மறுநாள். நின்றால் தருமலிங்கம் தோட்டத்தில், நிற்காவிட்டால் லாரியில்.

மறுநாள் பழக்க தோஷத்தில் விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டடிக்கு வந்த நேரம் கையில் இருக்கிறதே. என் கணக்குப்படி நாலடியிலிருந்து இரண்டடிக்கு வரக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். அண்ணன் குறித்திருந்தது ஐம்பதே நிமிஷம்.

மூன்று தடவை துடைத்துப் போட்டேன். தொகையிட்டதில் தப்பில்லை. வர்க்கமூலத்தில் தப்பில்லை. அண்ணனைத்தான் முதலில் திட்டினேன், சரியாகப் பார்த்துத் தொலைக்கவில்லை என்று. அவன் பாவம், "பெல்ட்டு அறுந்த நேரம் மாரியப்பண்ணனும் பாத்தாரு பாப்பா, பத்தரைதான்," என்றான்.

அப்போது பக்கத்து வீட்டில் யாரோ வந்த சத்தம் கேட்டு, அம்மா சுவர்க் கடிகாரத்தின் மேல் துண்டைப் போட்டார்.

நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஏழு மணி சூரியனுடைய ஏழு. அவனுடைய ஒன்பது நாற்பது டோக்கியோவுடையது. நடுவில் ஒன்றரை மணி நேரம் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் ஒரு மணி பத்து நிமிஷம்தான். மண்டோர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிய அதே ஒரு மணி பத்து நிமிஷம்.

மறுபடி போட்டேன். நாலடிக்கு ஒரு மணி பத்து நிமிஷம், இரண்டடிக்கு இரண்டு மணி நேரம், அரையடிக்கு மூன்று மணி நேரம். நாலடிக்கும் இரண்டடிக்கும் நடுவில் ஐம்பது நிமிஷம். ஒத்துப்போனது.

"தப்புன்னே சொல்லுங்க பாய்"

அண்ணனுக்குப் பயம். "இப்பப் போயி மாத்திச் சொன்னா என்னத்துக்கு ஆவும்?" என்றான்.

"சொல்லலேன்னா ரெண்டு நாள் ரப்பரும் போச்சு, நீயும் போய்ட்ட. மூணு மணி நேரம் நிக்கும்ணே. ஒரு நாள் வேலைக்குத் தாராளமாப் போதும். வா, சொல்லிடலாம்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அப்பா தடுக்கவில்லை. அவரும் கூடவே வந்தார்.

காதர் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "தம்பி, தப்புன்னு சொன்னா அறைவான். அளவு கொஞ்சம் மாறியிருக்குன்னு பக்குவமாச் சொல்லட்டுமா?"

"தப்புன்னே சொல்லுங்க பாய்," என்றான் அண்ணன்.

பாய் சொன்னார். மேனேஜர் அறைந்தார். அண்ணன் அசையாமல் நின்று, "இன்னொரு தரம் அறையறதுனாலும் சரி, மூணு மணி நேரம் நிக்கும்னு சொல்லுங்க," என்றான். அவனைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. வாயைக் கடித்துக்கொண்டேன். ஆண்பிள்ளை வேஷத்தில் இருக்கிறேன் அல்லவா.

மேனேஜர் நாளைக்குத் தானே வந்து நிற்பதாகச் சொன்னார்.

அரையடி

மறுநாள் எட்டரைக்குக் குழாய் திறந்தது. கடைசியில் தண்ணீர் மெலியும் என்பதால் தடித்த ஷீட்டை எல்லாம் முதலில் விடச் சொல்லியிருந்தேன். வீராசாமி மண்டோர், "கடைசியில பச்சப்புள்ள மூத்திரம் மாதிரிதான் வரும், பாருங்க," என்று சொல்லிக்கொண்டே செய்தார்.

நாலடி, ஒன்பது நாற்பது. மாரியப்பண்ணனின் கை பழக்கத்தில் எஞ்சின் பக்கம் போய், திரும்பி வந்தது. இரண்டடி, பத்தரை. மண்டோர் தொட்டி வறண்டுவிடும் என்று சொன்ன நேரம் வந்தபோது ஓரடிக்கு மேல் நாலு அங்குலம் இருந்தது. மண்டோர் தானே ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

பதினொன்றரைக்குக் கடைசி ஷீட் மெசினை விட்டு வந்தது. அப்போதுதான் நான் ஏணியில்.

"எவ்வளவு பாப்பா இருக்கு?"

"அரையடி," என்றேன். கழியை எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். ஈரம் சின்னக் கோட்டில் நின்றிருந்தது. மாரியப்பண்ணனுக்கு வாயெல்லாம் பல். "நம்ம தருமு பொழச்சிட்டான்லா," என்றார்.

மேனேஜர் ஏதோ கேட்டார். காதர் பாய் சொன்னார்: "கணக்கு யாரு போட்டதுன்னு கேக்குறாரு."

அண்ணனுக்குப் பொய் வராது. அவன் தலை என் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். திரும்பினால் அவன் லாரியில் போவான், நான் எங்கே கொண்டுபோகப்படுவேனோ தெரியாது. "அண்ணன்தான் போட்டாரு," என்று நான் முந்திக்கொண்டேன். போட்டது நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயசு. அதுவரை நான் செய்ததிலேயே பெரிய காரியம் அது.

மேனேஜர் தலையாட்டினார். அப்பாவிடமிருந்து காகிதத்தை வாங்கி, அண்ணன் பெயரின் மேல் கோடு போட்டார். அப்புறம் ஏணியைப் பிடித்திருந்தவரைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னார். பாய் உடனே அதைச் சொல்லவில்லை. மேனேஜர் மறுபடி சொன்னார்.

"இனிமே ரெண்டாந்தடவை எஞ்சின் ஓட்ட வேண்டாம். காலைல தருமலிங்கமே ஓட்டிக்குவான்," என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆள் கணக்கு கொறையக்கூடாதாம். அந்த எடத்துல மாரியப்பன் பேர எழுதச் சொல்றாரு."

எஞ்சினின் வாய்க்குப் பக்கத்திலேயே பத்து வருஷம் நின்றவர். மாரியப்பண்ணனுக்குக் காது மந்தம். "என்னா பாப்பா சொல்றான்?" என்று சிரித்த முகமாகவே என்னைக் கேட்டார்.

அப்பா எழுதினார்.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஒரு தடவை ஓடினால் போதும் என்றால் எஞ்சின்காரர் எத்தனை பேர் வேண்டும் என்பதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் லாரி வந்தது. மாரியப்பண்ணன் திரும்பி வரவில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்கா லயத்து வீட்டு வாசலில் நின்று, "கணக்குப் போட்டு என் தாலிய அறுத்தியேடா," என்று அண்ணனைத்தான் கேட்டார். அண்ணன் தலைகுனிந்து நின்றான். நான் அவன் பின்னால் நின்றேன்.

புத்தகத்தை அதற்கப்புறமும் விடவில்லை. முழுவதும் முடித்தேன், சண்டை முடிந்தபின் காகிதம் கிடைத்ததும் விடைப் பக்கங்களை எழுதி ஒட்டினேன். அதை வைத்துத்தான் பின்னால் கல்லூரிக்குப் போனேன். அண்ணன் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தான். தீபாவளி தவறாமல் அஞ்சலை அக்கா வீட்டுக்குத் துணியும் சாமானும் எடுத்துப் போவான். அக்கா வாங்கிக்கொள்வார், அவனோடு பேச மாட்டார். "நான் சொல்லிடுறேண்ணே," என்று எத்தனையோ தடவை கேட்டேன். "உனக்கு எதுக்கு பாப்பா? எனக்குப் பழகிப்போச்சு," என்பான். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அண்ணன் போன மாதம் போய்விட்டான். மந்தின் ஊரிலிருந்து அஞ்சலை அக்காவின் மகள் வந்திருந்தாள். வாசலோடு நின்று, அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். அவள் இந்தப் பத்திரிகையை வாரா வாரம் வாங்குவதாகச் சொன்னார்கள்.

அஞ்சலை அக்கா மகளே, உனக்குத்தான் இதை எழுதுகிறேன். எட்டடி, நாலடி, இரண்டடி, அரையடி. உன் அப்பாவை அனுப்பிய அந்தக் கணக்கை என் அண்ணன் போடவில்லை. நான் போட்டேன்.